நம் நிலம் தண்ணீருக்குள் இருந்த மாதங்கள்

ஏழுமலைக்கு,

உன் நைனா சொல்லச் சொல்லக் காதர் பாய் எழுதுகிறார். எனக்குக் கைநாட்டைத் தாண்டி ஒன்றும் வராது என்பது உனக்குத் தெரியும். உத்திரமேரூர் கடைத்தெருவில் பாயின் விதைக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியான நேரம். கடையில் ஆள் இல்லை, மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ பொய் சொல்லுவாய். உன்னைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரவில்லை. காகிதம் என்றால் உடனே பதில் சொல்லத் தேவையில்லை. நீ பாட்டுக்குப் படித்துக்கொண்டு போகலாம், நடுவில் நிறுத்தி ஆற்றைப் பார்க்கலாம், மறுபடியும் படிக்கலாம். இதை எங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதச் சொன்னேன்.

போன வாரம் பாய் வாலாஜாபாத் போய்விட்டுத் திரும்பும்போது, ஒருவருக்கு விதை மூட்டை இறக்குவதற்காக வண்டியைத் திருமுக்கூடல் பக்கம் விட்டிருக்கிறார். அங்கே பெருமாள் கோயில் மண்டபத்தில் தூணில் சாய்ந்துகொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். கம்பெனி சட்டை, காலில் ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. மூன்று ஆறும் சேருகிற இடத்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். பாய் வந்து என்னிடம் சொன்னபோது அவர் குரலே இறங்கிவிட்டது. “அண்ணே, ஒன்னு சொல்றேன், பேஜார் ஆவாதீங்க. நம்ம ஏழுமலை வேலை நாள்ல கோயில் மண்டபத்துல குந்திக்கினு கீறான். லீவுன்னா அந்தச் சட்டை எதுக்கு?” என்றார். ஏன் பாய், கூப்பிட்டுப் பேசவில்லையா என்று கேட்டேன். “கூப்ட்டா அந்தப் புள்ள மூஞ்சிய எங்க வெச்சிக்கும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானமே உனக்குப் போன் போட்டேன், நினைவிருக்கிறதா? டூட்டியில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாய். உன் குரலுக்குப் பின்னால் ஆடு கத்தியது. ஒரு ஆடு இல்லை, மந்தையே போய்க்கொண்டிருந்தது. ஒரகடத்தில் கார் செய்கிற கம்பெனிக்குள் ஆட்டு மந்தைக்கு என்ன வேலை? நான் சிரித்திருக்க வேண்டும், ஆனால் சிரிப்பு வரவில்லை. சரிப்பா, பார்த்து வேலை செய் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு உன்னோடு வேலை பார்த்த, நம் பக்கத்துப் பெருநகர் ஊர்ப் பையனை டீக்கடையில் பிடித்து விசாரித்தேன். பொங்கலுக்குப் பிறகு உங்கள் பகுதியை மூடிவிட்டார்கள், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னான். ஏதோ ஒரு காண்டிராக்டு ஆள், ராத்திரி ஷிப்டு மட்டும், கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை எடுக்கிறானாம். அவனிடம் நீ போய்ப் பேசியிருக்கிறாயாம். உடம்பைக் கெடுக்கிற வேலை அது என்று அந்தப் பையனே தலையை ஆட்டினான்.

உன் அம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் நான் எதை வைத்துக்கொண்டேன்? கேட்டதும் அவள் அழவில்லை. பொட்டலம் மாதிரி ஒரு சேலையைச் சுருட்டிப் பையில் வைத்தாள். எங்கே என்றேன். “திருமுக்கூடலுக்கு” என்றாள். போய் என்ன செய்வாய் என்றேன். “போயி பக்கத்துல குந்துவேன், வேற இன்னா?” என்றாள். அம்மாக்காரி போய் உட்கார்ந்தால் மறுநாள் நீங்கள் குடியிருக்கிற வாலாஜாபாத் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் சத்தமாக வந்து விழுகிறது.

நம் மருமகள் செல்விக்குத் தெரியாது என்பதையும் உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பெண், “அவருக்கு இப்ப ஓவர்டைம் ஜாஸ்தி அத்தே, வூட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு, நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல” என்று சொன்னாளாம். ஏழுமலை, நீ வெட்கத்தை மறைக்கிறாய். அவளோ அதைக் கோபம் என்று நினைத்துத் தன்னிடம் குற்றம் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கம் போனது இந்த ஒரு இடத்தில்தான். உன் வேலை போனதற்கு எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெடவில்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தெரியும்? கம்பெனி எனக்குத் தெரியாது, ஷிப்டு தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு வருஷத்துக் கதை. நீ அப்போது அரைஞாண் கயிறோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, உனக்குத் தண்ணீர் மட்டும் ஞாபகம் இருக்கலாம். நம் ஏரிக்கு உள்பக்கம், தண்ணீர் ஏறினால் முழுகிவிடுகிற உள்வாயில், எனக்கும் உன் சித்தப்பன் கன்னியப்பனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிலம் இருந்தது. ஏரி அவ்வளவு தூரம் ரொம்புவதே இல்லை என்பதால் வருஷா வருஷம் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தோம். மண் சலித்துப் போய்விட்டது. செடியைப் பிடுங்கினால் காயை விட வேர்தான் அதிகமாக வரும். அந்த ஐப்பசியில் புயல் வந்து நின்று பெய்தது. ஒரே வாரத்தில் ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் கலங்கல் மேலே வழிந்து, ஊரே மாலை வாங்கிக்கொண்டு போய்க் கும்பிட்டது. எங்கள் இரண்டு பேர் நிலம் மட்டும் மார்பளவு தண்ணீருக்குள் போய்விட்டது. ஊருக்கெல்லாம் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் வேலை போய்விட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்லி அழ முடியும்? ஏரி ரொம்பிவிட்டதே என்று ஒருவன் அழுதால் அவனை அடிப்பார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எப்போதும் போல ஏரிக்குப் போனேன். வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். வெயில் ஏறியதும் இடம் மாறி நின்றேன். பொழுது சாய்ந்ததும், வேலை செய்து களைத்தவன் மாதிரி தளர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். எதிரில் வருகிறவன் கையில் மண்வெட்டியைப் பார்த்துவிட்டால் என்னை வேலையற்றவன் என்று சொல்லமாட்டான், அவ்வளவுதான் கணக்கு. ஒரு வாரம் போல இப்படியே போனேன். ஒரு நாள் காலையில் நீ இடுப்பில் இருக்க, உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். “தெனமும் மண்வெட்டிய எடுத்துக்கினு போறியே, மீனுக்குப் பாத்தி கட்டப் போறியா?”

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கையை ஓங்கவில்லை, ஆனால் ஓங்கிவிடுகிற கோபம் இருந்தது. அப்புறம் என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்குள் அந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூரை ஓட்டையில் இறங்கி, நெல் குதிரில் பட்டு, மெதுவாக அடுப்பு வரைக்கும் நகர்ந்து போனது. நான் நகராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிச் சொல்லுவது? கனவில் நடந்த மாதிரி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு நாளும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா திருமுக்கூடல் பக்கத்துப் பெண். பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில் பிறந்தவள், மீன் மாதிரி நீந்துவாள். நானோ ஏரிக்கரையிலேயே பிறந்தும் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவன். அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பனி விலகாத காலையில், யாரும் வராத நேரமாகப் பார்த்து, என் நிலத்துக்கு மேலேயே எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தாள். தாடையின் கீழே ஒரு கையைக் கொடுத்து, உடம்பை விடு, உடம்பை விடு என்று சொல்லிக்கொண்டே வருவாள். பயந்து காலை ஊன்றினால் என் வரப்பு காலில் தட்டுப்படும். கண்ணால் பார்க்காமல், காலாலேயே என் நிலத்தை அளந்தேன். இங்கே வாய்க்கால், இங்கே கன்னியப்பன் பக்கத்து எல்லைக் கல், இங்கே நான் சுற்றிச் சுற்றி உழுத வேப்பமரத்து அடி. அது எல்லாம் தண்ணீருக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மேலே நான் மிதந்தேன். நீ கரையில் உட்கார்ந்து கை தட்டினாய்.

பாய் இங்கே பேனாவை நிறுத்திவிட்டார். “அண்ணே, இதெல்லாம் எழுதணுமா? மருமவப் பொண்ணு படிச்சா இன்னா நெனைக்கும்?” என்கிறார். படிக்கட்டும் பாய், படிக்கத்தான் எழுதுகிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்தில் இது ஊரில் எப்படியோ தெரிந்து, டீக்கடையில் உட்கார முடியவில்லை. “இன்னாடா, பொண்டாட்டி கிட்ட நீச்சல் கத்துக்கினியாமே, அடுத்து கோலம் கத்துக்கறியா?” என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

அந்த மாதங்களுக்கு முன்னால் நீ என்னைக் கண்டால் உன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். விடியும் முன்னே போய் இருட்டியபின் வருகிறவனைக் குழந்தை எப்படி அறியும்? அவர் வந்துட்டாரு என்றுதான் சொல்லுவாயாம், நைனா என்று சொல்லமாட்டாயாம். தை பிறப்பதற்குள் என் வயிற்றின்மேல் படுத்துத் தூங்க ஆரம்பித்தாய். உன் அம்மா வேலை செய்யும்போது தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள் என்பதும், தவளை என்றால் அலறுவாள் என்பதும், தன் அப்பன் செத்த அன்று தான் அழவே இல்லை என்று நினைத்து நினைத்துப் பின்னால் அழுவாள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் அவளோடு குடித்தனம் மட்டும்தான் நடத்திக்கொண்டிருந்தேன் போல.

கன்னியப்பன் அப்படி இருக்கவில்லை. அவன் கதையை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். எழுது எழுது, ஊருக்கே தெரிந்த கதைதானே என்று சிரிக்கிறான். அவனுக்குச் சும்மா இருப்பது உடம்பில் முள் குத்துகிற மாதிரி. மாசியில் தண்ணீர் பின்வாங்க ஆரம்பித்தது. எங்கள் நிலம் கன்றுக்குட்டி முதுகு மாதிரி பளபளவென்று வெளியே வந்தது. மேலே விரல் கனத்துக்கு வண்டல். பார்த்தாலே தின்னலாம் போல இருந்தது. கன்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. மண் இன்னும் கூழாக இருக்கும்போதே டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். “மத்தவன் எள்ளு தெளிக்கும்போது என்னுது பூத்துக்கினு இருக்கும்” என்றான். டிராக்டர் அவன் நிலத்தைக் குழப்பிவிட்டு நடுவில் புதைந்து நின்றது. மாடு கட்டி, கயிறு கட்டி, ஊரே கூடி இழுத்துப் போட்டோம். அடுத்த வாரம் வெயில் அடித்தது. அவன் உழுத சேறு அப்படியே காய்ந்து, பாளம் பாளமாக, செங்கல் சூளையில் எடுத்த மாதிரி ஆகிவிட்டது. பங்குனி முழுக்க அவனும் அவன் பெண்டாட்டியும் கட்டையை வைத்துக் கட்டியை உடைத்தார்கள். விதை அந்தக் கட்டிகளுக்கு நடுவில் விழுந்து, பாதி முளைக்காமலே போனது. அந்த மண் பழையபடி இளகுவதற்கு அடுத்த மழை வர வேண்டியிருந்தது.

நான் மட்டும் என்ன, பெரிய புத்தியோடு காத்திருந்தேன் என்று நினைத்துவிடாதே. கன்னியப்பன் நிலம் முடிந்ததும் என் நிலத்துக்கு வருவதாகத்தான் அந்த டிராக்டரைப் பேசியிருந்தேன். புதைந்து எடுத்தபிறகு டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டான். வேறு வழி இல்லாமல் சும்மா இருந்தேன். தினமும் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பேன். கையில் ஒட்டினால் போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் உருட்டி மேலிருந்து விட்டேன், கீழே விழுந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்குத்தான் ஏர் இறங்கியது. மண் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. எள் தெளித்தேன். அந்த வருஷம் என் நிலத்தில் பூத்த மாதிரி எள் அதற்கு முன்னாலும் பூத்ததில்லை, பின்னாலும் பூத்ததில்லை. காலையில் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும், மிதிக்க மனசு வராது. நானாக ஒன்றும் செய்யவில்லை ஏழுமலை. நிலம் தானாகப் படுத்திருந்தது, தண்ணீர் தானாகக் கொண்டுவந்து கொட்டியது. நான் அதைத் தொந்தரவு செய்யாமல் இருக்கும்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கதையை அப்படியே உன் தலையில் கட்டப்போவதில்லை. நிலம் வேறு, கம்பெனி வேறு. தண்ணீர் வற்றும் என்று எனக்குத் தெரியும், உனக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பயம் நியாயமான பயம்தான். ஆனால் ஒன்று பார். வீட்டுக்கு அரிசி நான் பின்னால் ஏரிக்குக் கீழே வாங்கின நெல் நிலத்திலிருந்து வருகிறது. செல்வி கையில் தையல் இருக்கிறது. கொஞ்ச காலம் அடுப்பு எரியும். பதினெட்டு வயசில் கம்பெனிப் பஸ்ஸில் ஏறியவன் நீ. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று உன் உடம்பு எது காலை எது மாலை என்று தெரியாமல் ஓடியிருக்கிறது. பொங்கலுக்கு வந்தால்கூடச் சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடும். உன் அம்மா தட்டை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எனக்கும் அப்போதெல்லாம் பழைய வேர்க்கடலை நிலம்தான் நினைவுக்கு வரும். இந்த நேரத்தில் அந்த ராத்திரி ஷிப்டுக்காரனிடம் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டால், கன்னியப்பன் டிராக்டர் இறக்கின கதைதான். வேலை தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. பதறிக்கொண்டு தேடாதே என்கிறேன். மனசை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார், ஒட்டுகிறதா, உதிர்கிறதா என்று உனக்கே தெரியும்.

ஆனால் இதெல்லாம் நீ ஒளிந்துகொண்டிருக்கிற வரைக்கும் நடக்காது. கோயில் மண்டபத்தில் நீ ஓய்வெடுக்கவில்லை, காவல் காத்துக்கொண்டிருக்கிறாய். யார் வருகிறார்கள், யாருக்குத் தெரியும், எப்போது பொழுது சாயும் என்று. அது வேலையை விடக் கடினமான வேலை. அந்த வெட்கம் எனக்குத் தெரியும், நானும் அதைத் தோளில் சுமந்து போனவன்தான். என்னை ஒருத்தி வாசலிலேயே கேட்டுச் சிரித்துவிட்டாள், அதனால் பிழைத்தேன். செல்வியால் உன்னைக் கேட்டுச் சிரிக்க முடியாது, அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. நானோ உன் அம்மாவோ அவளிடம் சொல்லமாட்டோம். அது நீ சொல்ல வேண்டியது. நீ சொல்லவில்லை என்றால் அந்தப் பெண் இன்னும் எத்தனை நாள் தன்னிடம் தப்பைத் தேடிக்கொண்டிருப்பாள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்.

நாளைக்கு இதைப் பாய் உன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறேன். படித்து முடித்ததும் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்காதே. மத்தியானமே வீட்டுக்குப் போ. அந்த நேரத்தில் உன் வண்டிச் சத்தம் கேட்டால் செல்வி பயந்துதான் எழுந்து வருவாள், என்னவோ ஏதோ என்று. பயப்படட்டும், கொஞ்ச நேரம்தான். உள்ளே போய் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சொல். சுற்றி வளைக்காதே. வேலை போயிடுச்சி, சொல்ல வெக்கமா இருந்துது என்று சொன்னால் போதும். அவள் அழுவாள். அப்புறம் திட்டுவாள். வேலை போனதற்குத் திட்டமாட்டாள், தனியாகப் போய் உட்கார்ந்திருந்ததற்குத் திட்டுவாள். குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொள். அவள் ஓய்ந்தபிறகு, அவள் பக்கத்திலேயே அந்தச் சிமெண்டுத் தரையில் படு. தூக்கம் வரும். எத்தனை வருஷத்துத் தூக்கமோ, வந்தால் வரட்டும். உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள்.